முத்தையா தாத்தா குடும்பம் குழு: அந்தமான் ஹாவ்லாக் தீவுப் பயணம்

கதிர் (காலை 7:10): பிப்ரவரி 9 சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அன்றே கப்பலில் ஹாவ்லாக். 12 காலை ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் இறங்குவது), மாலை திரும்பக் கப்பல், 13 விடியற்காலை விமானம். யாழினி இப்போதே பெட்டி கட்டிவிட்டாள்.

சுந்தர் மாமா: கப்பல் டிக்கெட்டில் ஸ்வராஜ் தீவு என்று இருக்கும், குழம்பாதே. 2018இல் பெயரை மாற்றிவிட்டார்கள்.

பெரியம்மா: பதினொரு வயசுப் பிள்ளையைக் கடலுக்குள் இறக்கப் போகிறீர்களா? தாத்தா முப்பது வருஷம் சங்கு குளித்தவர். கடைசிக் காலத்தில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் காது கேட்டது. எல்லாம் மறந்துபோச்சா?

செல்வி: அம்மா, மறக்கவில்லை. தாத்தா ஒரே மூச்சில் கீழே போய்ச் சங்கோடு வர வேண்டும். காதைக் கவனிக்க நேரம் ஏது? இங்கே மெதுவாக இறங்கலாம். பத்து மீட்டர் போனாலே அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, அது செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக ஊதினால் சரியாகிவிடும். வலி வருவதற்கு முன்னாலேயே ஊத வேண்டும். வலித்த பிறகு ஊதினால் அடைப்பு திறக்காது. ஒவ்வொரு முழத்துக்கும் ஒருமுறை என்று வைத்துக்கொள் கதிர்.

சுந்தர் மாமா: இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே செல்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் போனபோது காதைத் தொட்டுக் காட்டினேன், அந்த ஆள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். ஊருக்கு வந்தும் மூன்று வாரம் காதில் தண்ணீர் நிற்கிற மாதிரியே இருந்தது.

செல்வி: அது உங்கள் தப்பே இல்லை மாமா. நின்றிருக்க வேண்டியவர் அவர்தான். கதிர், பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? யாழினிக்கு ஒருவர் தனியாக வேண்டும். முடியாது என்றால் வேறு இடம் பார். அன்று சளி பிடித்திருந்தாலும் இறங்கக் கூடாது, கட்டிய பணம் போனால் போகட்டும்.

கதிர்: சரிக்கா. எந்த இடம் நல்லது? ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பின்னக்கிள் என்று நிறைய பெயர் வருகிறதே.

செல்வி: அதெல்லாம் படகில் போய் ஆழத்தில் இறங்குகிற இடங்கள், பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு. ஜானிஸ் கார்ஜில் இருபத்தைந்து மீட்டருக்குக் கீழே வெண்முனைச் சுறா பார்த்திருக்கிறேன். முதல்முறை போகிறவர்களைப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே விட மாட்டார்கள். உங்களுக்கு நீமோ ரீஃப். இரண்டாம் எண் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூச்சுவிடப் பழகிவிட்டு அப்படியே நடந்தே உள்ளே போகலாம்.

யாழினி (அப்பா ஃபோனில்): அத்தை, நீமோ மீன் இருக்குமா?

செல்வி: இருக்கும்டா. கடல் சாமந்தி தேடு, பூ மாதிரி இருக்கிற கடல் உயிர், அதன் விரல்களுக்குள்தான் வீடு. நீ பக்கத்தில் போனால் ஓடாது, உன் கண்ணாடி முன்னால் வந்து நின்று முறைக்கும். விரல் நீளம்தான் இருக்கும், அவ்வளவு தைரியம்! கையை மட்டும் நீட்டாதே. அப்புறம், தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகணும் என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்றால் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டணும்.

செல்வி: சில இடத்தில் பவளம் சாம்பல் நிறத்தில் உடைந்து கிடக்கும். 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமானில் நிறைய பவளம் வெளுத்துச் செத்தது. பக்கத்திலேயே விரல் நீளத்துக்குப் புதுக்கிளை இருந்தால் அதைப் பார்க்காமல் வராதே. எனக்கு அங்கே மிகப் பிடித்தது அதுதான்.

செல்வி: கதிர், ஒன்று விட்டுப்போச்சு. 12ஆம் தேதி டைவ், மறுநாள் விடியலில் விமானம், இது வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் விமானத்தில் சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழி விடும். ஒரு டைவுக்குக் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 என்பார்கள். நான் ஒரு முழு நாள் விடுவேன். 10ஆம் தேதியே இறங்குங்கள்.

கதிர் (காலை 9:40): பேசிவிட்டேன். 10 காலை, யாழினிக்குத் தனி ஆள். பெரியம்மா, இப்போது சரியா?

பெரியம்மா: சரி. மெதுவாக இறங்கட்டும். வரும்போது பிள்ளைக்கு ஒரு சங்கு எடுத்து வா.

செல்வி: எடுக்கக் கூடாதும்மா. சங்கு, பவளம் எதுவானாலும் விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

பெரியம்மா: அப்படியானால் வேண்டாம். உங்கள் தாத்தா எடுத்தது பூஜை அலமாரியில் இருக்கிறது. யாழினி வந்ததும் அதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.