பக்கத்திரையிலும் பெஞ்சிலும் நாங்கள் கண்ட இருவர்

முன்னாள் பிராம்ப்டர் எழுதியது:

ஒரு நாடகக் குழுவில் ஒன்பது ஆண்டுகள் பிராம்ப்டராக இருந்தேன். பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கின் அடியில் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதும், நடிகர் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. எங்கள் குழுவின் முதன்மை நடிகர் அப்போது அறுபதைக் கடந்திருந்தார். புதிய நாடகம் தொடங்கும்போதெல்லாம் அவர் தயாரிப்பாளரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைப்பார். தமக்குத் தைக்கும் ஒவ்வோர் உடையையும், தாம் வர இயலாத நாளில் அந்த வேடத்தை ஏற்கும் மாற்று நடிகருக்கும் அவருடைய அளவெடுத்துத் தனியாகத் தைக்க வேண்டும் என்பார். செலவு கூடுகிறதே என்று தயாரிப்பாளர் முனகினாலும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

காரணத்தை ஒருநாள் ஒப்பனை அறையில் அவரே சொன்னார். இளமையில் மூன்று ஆண்டுகள் மாற்று நடிகராகக் காத்திருந்த பிறகு, ஒரே ஓர் இரவில்தான் அவருக்கு அரசன் வேடம் கிடைத்தது. உடையோ அவரைவிட இரு மடங்கு பருத்த ஒருவருக்குத் தைத்தது. முதுகுப் பக்கம் பதினொரு ஊக்குகளைக் குத்தி இறுக்கிவிட்டார்கள். ஊக்குகள் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தில் அந்த அரசன் இரண்டரை மணி நேரமும் அவைக்கு முதுகைக் காட்டாமலே ஆட்சி செய்தான்.

மாற்று நடிகர்களின் கதைகள் அரங்க உலகில் ஏராளம். 1967இல் லாரன்ஸ் ஒலிவியே குடல்வால் அழற்சியால் படுத்தபோது அவருடைய வேடத்தில் மேடையேறியவர் அந்தோனி ஹாப்கின்ஸ். 2024 ஜூனில் லண்டனில் இயன் மெக்கெல்லன் மேடையிலிருந்து விழுந்து காயமடைந்தபோதும் எஞ்சிய காட்சிகளை மாற்று நடிகரே தாங்கினார். ஆனால் விலகி நின்றவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எவரும் எழுதுவதில்லை. நான் அதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு மாலை எங்கள் நடிகருக்குத் தொண்டை முற்றிலும் கட்டிவிட்டது. பிரிட்டிஷ் அரங்க மரபைப் பின்பற்றி எங்கள் குழுவிலும் திரை உயர 35 நிமிடங்கள் இருக்கும்போது ஓர் அழைப்பு கொடுப்போம். முப்பத்தைந்து நிமிடமானாலும் அதற்குப் பெயர் என்னவோ ‘அரைமணி’தான். அந்த அழைப்பின்போதுதான் மாற்று நடிகருக்குச் செய்தி போனது. நம்மவர் வீட்டுக்குப் போகாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் அருகில் அமர்ந்தார். இரண்டாம் அங்கத்தில் மாற்று நடிகர் ஒரு வசனத்துக்கு நடுவே நின்றுவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன் என் மணிக்கட்டு பிடிபட்டது. மேடையில் இருந்தவரின் பார்வை எதிரே நின்ற நடிகையை விட்டு விலகவில்லை. வசனத்தை மறந்தவனின் கண் தானாகப் பக்கத்திரைப் பக்கம் வந்துவிடும் என்று எனக்குக் கற்றுத் தந்தவரே இவர்தான். அந்த இடைவெளி மறதியால் வந்ததில்லை. மாற்று நடிகர் அதை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டிருந்தார். நம்மவர் அந்த இடத்தில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. மறு வாரம் குரல் திரும்பி மேடையேறியபோது அவரும் அங்கே நிறுத்தினார்.

முன்னாள் மாற்று கோல்கீப்பர் எழுதியது:

மேலே எழுதியவரின் நடிகர் பெருந்தன்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாற்று நடிகரை வெளியே உட்கார வைக்கும் முடிவு அவருடையது இல்லையே! மகளிர் கால்பந்து அணியின் பயிற்சியாளர் வாராவாரம் அந்த முடிவை எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு அதே பெண்களின் முகத்தில் விழிக்கவும் வேண்டும்.

நான்கு பருவங்கள் பெஞ்சில் அமர்ந்தவள் நான். முதலில் இருந்த பயிற்சியாளர் அணிப் பட்டியலை உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். பெயர் இல்லாதவர்கள் அதைப் பிறர் முன்னிலையில்தான் தெரிந்துகொள்வோம். அடுத்து வந்தவர் ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியை. அந்தத் தலைமுறையில் பலருடைய பாதை அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921இல் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. விளையாடவே இடமில்லாத இடத்தில் பயிற்சியாளர் என்ற தொழில் எப்படி வளரும்? பின்னர் இங்கிலாந்து மகளிர் அணியின் பயிற்சியாளரான சரீனா வீக்மன்கூட உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றியவர்தான். அவருக்கு முன்பு அதே அணிக்குப் பயிற்சியளித்த ஹோப் பவல் 2003இல்தான், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் மிக உயர்ந்த பயிற்சியாளர் தகுதியான புரோ உரிமம் பெற்ற முதல் பெண்ணானார். 2023 மகளிர் உலகக் கோப்பையில் ஆடிய 32 அணிகளில் 12 அணிகளுக்கு மட்டுமே பெண்கள் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தனர்.

எங்கள் ஆசிரியை பட்டியலை அறிவிப்பதற்கு முன்பு, ஆடாதவர்களை ஒவ்வொருவராக அழைத்து இரண்டு நிமிடம் பேசுவார். ஆறுதல் சொல்ல மாட்டார். காரணத்தை மட்டும் சொல்வார். எனக்குச் சொன்னது: “உயரப் பந்துக்கு நீ அரை அடி தாமதமாக வெளியே வருகிறாய்.” அன்று இரவு முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன், மறுநாள் காலையில் அரை அடியை அளந்து பார்த்தேன். ஆட்டத்தின்போது பெஞ்சில் இருந்த ஒவ்வொருவருக்கும் எதிரணியில் ஒருவரைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்து, இடைவேளையில் எங்களிடம்தான் முதலில் கேள்வி கேட்பார்.

வீக்மன் 2022 ஐரோப்பியக் கோப்பையில் ஆறு ஆட்டங்களிலும் அதே பதினொருவரையே முதலில் இறக்கினார். இருந்தும் ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் இரண்டு கோல்களையும் அடித்தவர்கள் மாற்று வீராங்கனைகளான எல்லா டூனும் குளோயி கெல்லியும். ஐந்து ஆட்டங்களில் தொடக்க அணியில் இடம் கிடைக்காமலே ஆறாவதற்கும் ஆயத்தமாக ஒருத்தியை வைத்திருப்பது எத்தனை கடினம் என்பது பெஞ்சில் இருந்தவளுக்குத் தெரியும்.

எங்கள் முதல் கோல்கீப்பரின் விரல் முறிந்த நாளில், 71ஆம் நிமிடத்தில் நான் உள்ளே போனேன். ஆசிரியை கோட்டோரத்தில் நின்று இரண்டு விரல்களை முன்னோக்கி நகர்த்திக் காட்டினார். அரை அடி. அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பருவ முடிவில் ஒரு பத்திக் கடிதத்தில் அவரை விடுவித்துவிட்டார்கள். ஏன் என்று அவரிடம் நேரில் சொல்ல ஒருவரும் வரவில்லை.

முன்னாள் பிராம்ப்டர் மீண்டும் எழுதியது:

நீங்கள் சொன்ன வேறுபாடு சரியே; நான் அதை யோசித்திருக்கவில்லை. மாற்று நடிகர் பிறகு என்ன ஆனார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த வேடங்களை இப்போது ஏற்பவர் அவர்தான். நம்மவர் ஓய்வு பெற்றபோது தம் ஒப்பனைப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் அடித்தட்டில் ஒரு பழைய துணியில் அந்த ஊக்குகள் குத்தி வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் இருவரும் சேர்ந்து எண்ணினோம். ஒன்பதுதான் இருந்தன.