ஸ்டார் தாளில் லேப்ராஸ்கோப்பி பழகிய அனுபவம் உண்டா?

சர்ஜரி பிஜி, மதுரை
டிசம்பர் பிறந்தால் எங்கள் ஹாஸ்டலில் மூங்கில் சிம்பு, கலர் பேப்பர், மைதாப் பசை என்று கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டும் வேலை நடக்கும். மீந்த தாளை ஒரு சீனியர், லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகக் கேமராவில் பார்த்துச் செய்யும் வயிற்று ஆபரேஷன்) பழகும் பாக்ஸ் டிரெய்னருக்குள் ஒட்டி, "ஸ்டார் ஜன்னலை இதுக்குள்ள வெட்டு பார்ப்போம்" என்றார். ஜன்னல் என்றால் ஸ்டார் தாளில் வெட்டும் துளை. டிரெய்னர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் டப்பா, கேமராவுக்குப் பதில் செல்போன், ஆபரேஷன் தியேட்டரில் கழித்துப்போட்ட 5 மி.மீ. கிராஸ்பர் (பிடித்து இழுக்கும் நீளக் கருவி), கத்தரி.

வழக்கமாக காஸ் துணியில் வட்டம் வரைந்து வெட்டுவோம். காஸ் இழுத்த இழுப்புக்கு வரும். மெல்லிசுத் தாள் வராது. கிராஸ்பர் பல் கடித்த இடத்திலிருந்து முதலில் விசிறி மாதிரி சுருக்கம் ஓடும். அப்போதே இடது கையைத் தளர்த்தாவிட்டால் கிழிசல் கோட்டைத் தாண்டிப் போய்விடும். லேப்ராஸ்கோப்பியில் கைக்கு உணர்வு குறைவு, எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்தான் சொல்லணும். போதாக்குறைக்கு, கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். அந்தக் கண்ணைப் பழக்க இந்தத் தாளை விட மலிவான வாத்தியார் கிடையாது.

தியேட்டர் சிஸ்டர்
தம்பி, கழித்துப்போட்டதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நல்ல மெட்சன்பாம் கத்தரியைத் தாள் பக்கம் கொண்டுபோகாதீர்கள், புண்ணியமாகப் போகும்! அது மெல்லிய திசுவுக்கானது. தையல் நூல் வெட்டக்கூட நாங்கள் தருவதில்லை. தாள் அதன் கூர்மையையே தின்றுவிடும். சின்ன ஜன்னல் வெட்ட 3-ம் நம்பர் பிடியில் 11-ம் நம்பர் பிளேடு போதும், முனை கூராக இருக்கும். பிளேடைக் கையால் கழற்ற வேண்டாம், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் (இடுக்கி) பிடித்துக் கழற்றி, கூரான கழிவு போடும் வெள்ளை ஷார்ப்ஸ் டப்பாவில் போடுங்கள். ஹாஸ்டல் குப்பைக்கூடையில் போட்டால் பெருக்க வரும் அக்கா கையைத்தான் கிழிக்கும்.

ஸ்டார் கட்டுகிறவர் மகன்
அப்பா டிசம்பரில் கீழவெளி வீதி மாதா கோயில் பக்கம் ஸ்டார் விற்பார். ஒரு டாக்டர் நின்று பார்த்துவிட்டு, வளைவு எப்படிப் பிசிறில்லாமல் வருகிறது என்று கேட்டார். "கத்தரியத் திருப்பாதீங்க சார், தாளத் திருப்புங்க" என்றார் அப்பா.

சர்ஜரி பிஜி, மதுரை
அண்ணே, அதேதான்! வெட்டும் கை கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கணும், இடது கை கிராஸ்பர்தான் தாளைக் கத்தரி வாய்க்குக் கொண்டுவரணும். அப்புறம், பழகுகிறவர்கள் கிளேஸ் பேப்பர் வாங்காதீர்கள், அது விறைப்பு. பட்டம் ஒட்டும் தாள் கேளுங்கள். சிஸ்டர், மெட்சன்பாமைத் தொடவே இல்லை, சத்தியம்.