ஹாஸ்டல் நாட்கள்ல சாப்பாடு, உடம்பு, எடை பத்தி இன்னும் மனசுல உறுத்துற ஒரு சம்பவம்

கோவைக்காரி:
செகண்ட் இயர், ராத்திரி மெஸ். தோசை நாள்னா லைன் எப்படி இருக்கும்னு தெரியும்ல. என் ரூம்மேட் மூணாவது தோசைக்குத் தட்டை நீட்டினா. பின்னால நின்ன சீனியர் அக்கா சத்தமா, "இன்னொண்ணா? இப்படியே போனா மாப்பிள்ளை எங்கடி கிடைப்பான்?"ன்னாங்க. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அவ தட்டுல விழுந்த தோசையைக் கையால எடுத்து ட்ரேயிலயே திரும்ப வெச்சா. "சூடா இருக்கு, சாப்பிடும்மா"ன்னு மெஸ் அண்ணன் சொல்லியும் வாங்கல. அதுக்கப்புறம் ராத்திரியில பிஸ்கட்டும் பிளாக் டீயும்தான். காலேஜ் ரத்ததான முகாம்ல ஹீமோகுளோபின் 9னு அவளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. சொன்னவங்களுக்கு அந்த வார்த்தை ஞாபகம்கூட இருக்காது.

தெக்கத்திப்பையன்:
பொண்ணுங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. காலேஜுக்கு எதிர்ல இருந்த ஜிம்ல சேர்ந்த அன்னைக்கு, மாஸ்டர் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு என் புஜத்தை ரெண்டு விரலால பிடிச்சார். "இது கையா, முருங்கைக்காயா? புரோட்டீன் பவுடர் இல்லாம இந்த உடம்பு தேறாது தம்பி." எங்கப்பா அரிசி மண்டியில மூட்டை தூக்குறவர். அவருக்கும் இதே கைதான். எனக்கு அப்ப அவர் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் மறுநாள் போகல. கூட வந்தவன் மெஸ் பில் காசுல டப்பா வாங்கிட்டான்.

மொட்டைமாடி:
ரெண்டு பேரும் யாரோ சொன்ன வார்த்தையையே சொல்றீங்க. எங்களுக்குப் பிரச்சினையே ஹாஸ்டல் கேட்தான். லேப் முடியவே அஞ்சு மணி, லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிடும். ஒருநாள் கிரவுண்டுல ஓடிட்டு இருக்கேன், வாட்ச்மேன் தாத்தா விசில் அடிச்சு "உள்ள போ தாயி"ன்னார். நான் கேட்டுக்குள்ள வந்து திரும்பிப் பார்த்தா, பசங்க ஃபுட்பால் ஆட கிரவுண்டு லைட்டை அப்பதான் போடுறாங்க. மூணு வருஷமும் நாங்க மாடியில தண்ணி டேங்கைச் சுத்திதான் நடந்தோம்.

சத்துக்கணக்கு:
கோவைக்காரி, உங்க தோழிக்கு இதைச் சொல்லுங்க. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை. தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல அப்படித்தான்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும். கீரை, சுண்டலோட எலுமிச்சை பிழிஞ்சுக்கணும். புரதம் தினமும் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம், அதாவது 50 கிலோன்னா சுமார் 42 கிராம். ஒரு முட்டையில 6 கிராம் கிடைக்கும். தம்பி, பவுடர் தேவையே இல்ல, பருப்பும் முட்டையும் தயிரும் போதும். எடைக்கும் இந்தியர்களான நமக்கு அளவு வேற: பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பார்க்குற கணக்கு, 23லயே அதிக எடை, 25ல உடல் பருமன். 160 செ.மீ. உயரம்னா 59 கிலோவுலயே கவனிக்க ஆரம்பிக்கணும். வாரம் 150 நிமிஷம் வேகமா நடங்க. மாடியில நடந்தாலும் கணக்குதான்.

மொட்டைமாடி:
மாடியில நடந்தா கணக்குதான், சரி. லைட்டு போட்ட கிரவுண்டு பக்கத்துல இருக்கறப்ப நாங்க ஏன் டேங்கைச் சுத்தணும்னுதான் கேட்டேன்.

கோவைக்காரி:
சத்துக்கணக்கு, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா அவ படிச்சதே ஊட்டச்சத்துதான். இந்த 0.83 கணக்கையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான். மொட்டைமாடி, இப்பவாவது உங்க கேட் நேரம் மாறிச்சா?