அடுப்பின் குவிமாடத்தில் விரிசல்: இடித்துத்தான் கட்ட வேண்டுமா?

கேள்வி: கொல்லைப்புறத்தில் செங்கல்லால் விறகு அடுப்பு கட்டி, மூன்றாம் நாளே பெருந்தீ மூட்டியதில், குவிமாடத்தின் உச்சியிலிருந்து வாயில்வரை மயிரிழை விரிசல் ஓடிவிட்டது, தீயும் சரியாகப் பிடிக்காமல் புகைந்துகொண்டே இருக்கிறது. இடித்துவிடலாமா?

பதில் 1: இடிக்காதீர்கள். சாந்தில் தங்கிய ஈரம் விரைவாக நீராவியாகி வெளியேற வழியின்றிப் பிளந்திருக்கும். விரிசலில் தீக்களிமண் (கடும் வெப்பம் தாங்கும் களிமண்) சாந்தை அழுத்தி நிரப்பி, ஒரு வாரம் நாள்தோறும் சுள்ளிகளால் சிறுதீ மூட்டி, சூட்டைப் படிப்படியாக உயர்த்துங்கள். சாதாரணச் சிமெண்டுக் கலவை மட்டும் வேண்டாம். அந்த வெப்பத்தில் அது வலுவிழந்து உதிரும்.

பதில் 2: வாயிலின் உயரம், குவிமாடத்தின் உட்புற உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடாக அமைவது வழக்கம். அளந்தீர்களா?

கேட்டவர்: உள்ளே 50 செ.மீ., வாயில் 24 செ.மீ.

பதில் 2: மிகத் தாழ்வு; காற்று போதாது. 31 செ.மீ. வரை உயர்த்துங்கள். தீ நன்றாகப் பிடித்தால் உட்கூரையில் படிந்த கரி எரிந்து செங்கல் வெளுக்கும்.