கிரேக்கத் துன்பியலின் ப்ரொலோகஸ்: 'முற்களம்' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் தொடக்கப் பகுதியான ப்ரொலோகஸைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், 'முன்னுரை' போதும் என்று ஒருவரும், 'பாயிரம்' என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

கோரஸ், அதாவது பாடி ஆடும் குழு, ஆடுகளத்துக்குள் நுழைவதற்கு முன் நடக்கும் பகுதி முழுவதும் ப்ரொலோகஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். அப்படியென்றால் அது நாடகத்தின் உறுப்பு; நாடகத்தைப் பற்றிய பேச்சு அல்ல. ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' (கி.மு. 458) தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அரண்மனைக் கூரைமேல் ஒரு காவலாள் நாயைப் போல முழங்கையை ஊன்றிப் படுத்திருக்கிறான். ஒரு வருஷமாக இதே வேலை. படுக்கை பனியில் நனைந்து கிடக்கிறது. தூக்கத்தை விரட்டப் பாட்டு முணுமுணுத்தால் அது இந்த வீட்டை நினைத்து அழுவதில் போய் முடிகிறது. போரில் டிராய் நகரம் விழுந்த செய்தியைச் சொல்லும் தீ தூரத்தில் தெரிந்ததும் துள்ளிக் குதிக்கிறான். அப்புறம், வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசமாட்டேன், நாக்கின்மேல் பெரிய எருது ஏறி நிற்கிறது என்று நிறுத்திவிடுகிறான். மொத்தம் 39 அடிதான். அவன் யாருக்கும் முன்னுரை சொல்லவில்லை. அவனுடைய பயத்திலேயே கதை தொடங்கிவிட்டது.

பாயிரம் அழகான சொல். ஆனால் அதற்கென்று தமிழில் ஓர் இடம் உண்டு. 'மனோன்மணீயம்' (1891) பாயிரத்தில்தான் 'நீராருங் கடலுடுத்த' வருகிறது. அது முடிந்த பிறகே முதல் அங்கம், முதல் களம். பாயிரம் கதைக்கு வெளியே நிற்பது. மாணவர் அந்தச் சொல்லைப் பார்த்தால் காவலாளிடம் போய் வாழ்த்தைத் தேடுவார்.

இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான யூரிபிடீஸை வைத்து மறுப்பு வரும். 'மெடியா'வில் (கி.மு. 431) செவிலி தனியாக வந்து, மெடியாவின் கணவனை அவள் நாட்டுக்குக் கொண்டுவந்த ஆர்கோ கப்பல் புறப்படாமலே இருந்திருக்கலாமே என்று பழங்கதையைச் சொல்வது முன்னுரை போலத்தான் இருக்கிறது. சரி. ஆனால் அவள் பேச்சோடு ப்ரொலோகஸ் முடிவதில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வருகிறார். மெடியாவையும் பிள்ளைகளையும் அரசன் நாடுகடத்தப் போகிறான் என்ற செய்தி வெளிவருகிறது. உள்ளேயிருந்து மெடியாவின் ஓலம் கேட்கிறது. இவ்வளவுக்கும் பிறகே கோரஸ் நுழைகிறது. செவிலியின் பேச்சைத் 'தொடக்க உரை' என்று தனியாகக் குறிக்கலாம். முழுப்பகுதிக்கு வேறு சொல் வேண்டும்.

என் பரிந்துரை 'முற்களம்'. 'களம்' நாடகத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே புழங்கிய சொல். சந்தியைப் பிரித்து 'முன்களம்' என்று எழுத வேண்டாம். 'முன்களப் பணியாளர்' என்ற வழக்கு பரவிவிட்டதால் குழப்பும். 'முதற்களம்' என்றாலும் சரிப்படாது, எந்த நாடகத்திலும் அது இருந்தே தீர வேண்டும். ஆனால் ப்ரொலோகஸ் இல்லாத நாடகமும் உண்டு. ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' (கி.மு. 472) முதல் அடியிலேயே கோரஸோடு தொடங்குகிறது. முற்களம் இல்லாத நாடகம் என்று சொன்னால் அதன் அமைப்பு உடனே விளங்கும். முன்னுரை இல்லாத நாடகம் என்றால் பதிப்பாசிரியர் எழுதாமல் விட்டுவிட்டார் என்று நினைப்பார்கள்.

இதோடு சேர்த்து, கோரஸ் நுழையும் பகுதியான பாரொடோஸுக்குப் 'புகுபாட்டு' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'அகமெம்னா'னில் கோரஸ் முதலில் நடைக்கேற்ற சந்தத்தில் ஓதிக்கொண்டு வந்து, அப்புறம்தான் பாடத் தொடங்குகிறது. ஆகவே 'பாட்டு' முழுவதுக்கும் பொருந்துமா என்பதில் தயக்கம் இருக்கிறது. யாப்பு தெரிந்தவர்கள் இதற்கு ஒரு மாற்றுச் சொல் தாருங்கள்.