ஒஃபிஸில "உங்கட கலாசாரத்த கொண்டு வாங்கோ" எண்டா என்னத்தக் கொண்டு போறது?

வெள்ளவத்தை_மழை:
எல்லாருக்கும் வணக்கம். நான் வேலை செய்யிற இடத்தில வாற மாசம் கலாசார தினமாம், எச்ஆரில இருந்து மெயில் வந்திருக்கு. சிங்களம், தமிழ், முஸ்லிம், பறங்கியர் எண்டு நாலு மேசை போடினம், தமிழ் மேசை என்ர தலையில. குத்துவிளக்கு, கோலம், வடை, ஒரு பட்டுச்சீல, அதெல்லாம் சமாளிக்கலாம். ஆனா ஒவ்வொரு மேசையிலயும் "எங்கட கலாசாரம் எண்டா என்ன" எண்டு நாலு வரி எழுதி ஒட்ட வேணுமாம், அங்கதான் மாட்டுப்பட்டுட்டன். நான் பிறந்தது கொழும்பு, அம்மா ஆக்கள் கரவெட்டி, அப்பா ஆக்கள் மட்டக்களப்பு, மகள் வட இலங்கை சங்கீத சபை சோதினைக்கு வீணை படிக்கிறாள் ஆனா நாள் முழுக்க கேக்கிறது கொரியன் பாட்டு, செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியாரிட்டயும் போறனாங்கள், வெள்ளிக்கிழமை பிள்ளையாரிட்டயும் போறனாங்கள். இதில எத எடுத்து எழுத? சும்மா பகிடிக்குக் கேக்கேல்ல, கலாசாரம் எண்டு நீங்கள் எதச் சொல்லுவீங்கள்?

ஹேவ்லொக்_டவுன்:
அக்கா வடையோட நிப்பாட்டுங்கோ. பத்து மணிக்கு முதல் முடிஞ்சிடும், நாலு வரிய ஆரும் வாசிக்கப் போறேல்ல.

பேராதனை_பழசு:
வாசிக்காட்டியும் கேள்வி நல்ல கேள்வி. நான் கம்பஸில சமூகவியல் செய்தனான், இப்ப பாங்கில இருக்கிறன், எல்லாம் மறந்து போச்சு ஆனா இது மட்டும் மறக்கேல்ல. 1869இல மத்தியூ ஆர்னல்ட் எண்ட இங்கிலாந்துக்காரர் உலகத்தில நினைச்சதிலயும் சொன்னதிலயும் ஆகச் சிறந்தது எதுவோ அதுதான் கலாசாரம் எண்ட மாதிரி எழுதினார், அதாவது படிச்ச ஆக்களிட்ட இருக்கும், மற்றாக்களிட்ட இல்ல. இப்பவும் எங்கட சனம் "அவை நல்ல கல்ச்சர்ட் ஃபமிலி" எண்டு கலியாணம் பேசேக்க சொல்லுறது இந்தக் கணக்குத்தான். ரெண்டு வருசத்தால, 1871இல, எட்வர்ட் டைலர் வந்து அத உடைச்சுப் போட்டார், அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம், இன்னும் ஒரு மனுசன் சமூகத்தில ஒராளா இருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் எல்லாம் சேந்ததுதான் எண்டார். முக்கியம் அந்த "எடுத்துக்கொண்ட". ரத்தத்தில வாறேல்ல, பக்கத்தில இருக்கிற ஆக்களிட்ட இருந்து வாறது. ஆனா டைலரும் எல்லாச் சனத்தையும் ஒரே ஏணியில ஏத்தி காட்டுமிராண்டி கீழ, இங்கிலாந்துக்காரன் மேல எண்டுதான் வைச்சிருந்தவர், பிறகு போவாஸ் எண்ட மானிடவியலாளரும் அவற்ர ஆக்களும்தான் ஏணி ஒண்டும் இல்ல, ஒவ்வொரு கலாசாரத்தையும் அதின்ர வரலாற்றோடதான் பாக்க வேணும் எண்டு அடிச்சுச் சொன்னது. 1952இல குரோபரும் குளுக்ஹோனும் அதுவரைக்கும் வந்த வரைவிலக்கணங்களப் பொறுக்கினா 164 வந்துதாம். எச்ஆருக்கு நாலு வரி வேணுமாம்!

இன்னொண்டு, எங்கட ஆக்கள் யாழ்ப்பாணத்துத் தூளுக்கு உயிரக் குடுப்பினம், ஆனா மிளகாய் அமெரிக்காக் கண்டத்தில இருந்து போர்த்துக்கேயரால இந்தப் பக்கம் வந்த சாமான். கூழுக்க போடுற மரவள்ளியும் அங்கத்தையான்தான். பனங்கிழங்கக் காயவைச்சு இடிக்கிற ஒடியல் மா மட்டும் ஊர்.

கல்லடிப்_பாலம்:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எல்லாம் வெளியில இருந்து வந்த சாமான்தான் என்டு சொல்லி எங்கட என்டு ஒண்டுமே இல்லாம ஆக்கிறதும் ஒரு ஃபெஷனாப் போச்சு. மிளகாய் எங்க இருந்து வந்தா என்ன, அத வறுத்து இடிச்சு இந்தப் பதத்துக்குக் கொண்டு வந்தது ஆரு? எங்கட மட்டக்களப்புப் பக்கம் கூத்த எடுங்க. விடிய விடிய வட்டக்களரியில, நாலு பக்கமும் சனம் இருந்து பாக்கிறது, கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்தோட நடுவில நிப்பார், ஆடுறவன் பிழை விட்டா அங்கயே ஒரு முறைப்பு. 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் கம்பஸ் பொடியன்களுக்குப் பழக்கி, நேரத்தச் சுருக்கி, படச்சட்ட மேடையில ஏத்தினார். நாலு பக்கமும் பாத்து ஆடினவன் ஒரு பக்கம் பாத்து ஆட வேண்டி வந்திச்சு. நினைச்சுப் பாருங்க, அது சின்ன மாற்றமா? இப்ப பள்ளிக்கூடப் போட்டியில வாறதெல்லாம் அந்தச் சுருக்கின கூத்துத்தான், அதத்தான் பிள்ளைகள் பாரம்பரியக் கூத்து என்டு எழுதுதுகள். எனக்கு அது பிழையாத் தெரியல்ல. ஆனா ஊரில இன்னும் களரி கட்டுறாங்க, அதையும் போய்ப் பாருங்க என்டுதான் சொல்லுவன். அப்பா மட்டக்களப்பு என்டீங்க, நீங்க ஒருக்காவது முழுக்கூத்துப் பாத்திருக்கீங்களா அக்கா?

வெள்ளவத்தை_மழை:
இல்ல தம்பி, டிவியிலதான். திட்டாதேங்கோ.

பெரட்டுக்களம்:
வணக்கங்க. தமிழ் மேசைன்னு ஒன்னு போட்டு அதுல குத்துவிளக்கும் வீணையும் வச்சா முடிஞ்சிருச்சா? நாங்க எங்க இருக்கோம்? நான் கொட்டாஞ்சேனையில கடையில வேல செய்றேன், ஊரு மஸ்கெலியா பக்கம். தேயிலத் தோட்டத்துல விடியகாலையில தப்பு மேளம் அடிச்சுத்தான் எழுப்பி பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்கு, வரச் சொல்றதுன்னு தாத்தா சொல்வாரு, அதே தப்புதான் திருவிழாவுக்கு, அதே தப்புதான் சாவு வீட்டுக்கு, மாசி மாசம் காமன்கூத்துக்கும் அதுதான், அடி மட்டும் மாறும். கேட்டவொடனே எந்த அடி எதுக்குன்னு லயத்துல இருக்குற சின்னப் புள்ளைக்கும் தெரியும். எங்க மாமா தப்புக்காரரு. அடிக்கிறதுக்கு முன்னால சருகக் கொளுத்தி அதுல தோலக் காட்டிக் காட்டித் திருப்புவாரு, நடுநடுவுல வெரலால ஒரு தட்டு, காதுகிட்ட வச்சுக் கேப்பாரு, இன்னுங் கொஞ்சம்னு திரும்ப நெருப்புல காட்டுவாரு. சத்தம் வெடுக்குன்னு வரணும். கொழும்புக்கு வந்தப்புறம் ஒரு ஃபங்ஷனுக்கு தப்ப கூப்பிடலாமான்னு கேட்டேன், அங்க இருந்த நம்ம தமிழ் ஐயா ஒருத்தரு "சாவுக்கு அடிக்கிற பறை எல்லாம் இங்க வேணாம்"னு மூஞ்சியச் சுழிச்சாரு. வீணை கலாசாரம், தப்பு சத்தம். இதத்தான் நான் கேக்குறேன், யாரு இத முடிவு பண்றா?

சாவகச்சேரி_பிள்ளை:
பெரட்டுக்களம் கேட்டதுதான் கேள்வி. எனக்கு ஒரு உதாரணம் இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அம்மா சீதனமா எழுதித் தந்த காணி ஒண்டு வடக்கில இருக்கு, என்ர பேரில. அத விக்க வெளிக்கிட்டா மனுசன்ர சம்மதம் எழுத்தில வேணும். அவர் தன்ர பேரில இருக்கிறத விக்க என்ர கையெழுத்து தேவையில்ல. நொத்தாரிசு சொன்னார் இது தேசவழமை பிள்ளை, வடக்குத் தமிழ் ஆக்களின்ர வழக்கச் சட்டம், எங்கட பரம்பரை வழக்கம் எண்டு, ஏதோ நல்லூர்த் திருவிழாவப் பற்றிக் கதைக்கிற மாதிரி பெருமையாச் சொன்னார். வீட்ட வந்து தேடி வாசிச்சன். 1707இல ஒல்லாந்தர் காலத்தில கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட திசாவை, அதாவது ஒல்லாந்த அதிகாரி, சனத்தின்ர வழக்கங்களக் கேட்டு எழுதினது, அதச் சரி பாத்தது 12 முதலிமார், ஊர்த் தலைமைக்காரர். பன்னிரண்டும் ஆம்பிளையள், எல்லாம் பெரிய இடத்து ஆக்கள். அதுக்குப் பிறகு 1911இல வெள்ளைக்காரன்ர காலத்தில கட்டளைச் சட்டம் ஒண்டு போட்டு இந்த சம்மத விசயத்தையும் அதுக்குள்ள எழுதி வைச்சினம். அதே தேசவழமையிலதான் தாயின்ர சொத்து சீதனமா மகளுக்கு வாற வழியும் இருந்தது, அது எனக்கு வாய்ப்பான பக்கம், அத இல்லை எண்டு சொல்ல மாட்டன். ஆனா ஊரில ஓடிக்கொண்டிருந்த வழக்கத்த ஒருத்தன் கேட்டு எழுதினவுடன அது அதில நிண்டிடும். அண்டைக்கு சாவகச்சேரியில ஒரு கிழவியிட்டயும் போய்க் கேட்டிருந்தா என்ன எழுதியிருப்பினம்?

2022இல ரீச்சர்மார் சிலபேர் சீல இல்லாம வேற உடுப்போட பள்ளிக்கூடம் போன நேரமும் இதேதான், கலாசாரம் போச்சு எண்டு கத்தினது கூட சீல கட்டாத ஆக்கள். கலாசாரம் எண்டு ஆரும் சொன்னா நான் முதல் பாக்கிறது, சொல்லுறவருக்கு அதால என்ன மிச்சம் எண்டுதான்.

பேராதனை_பழசு:
தங்கச்சி அதெல்லாம் அதிகாரம் பற்றின கதை, கலாசாரத்தின்ர வரைவிலக்கணம் இல்ல. ரெண்டையும் குழப்பக் கூடாது.

சாவகச்சேரி_பிள்ளை:
அண்ணா டைலரின்ர பட்டியலில சட்டமும் கிடக்கு, நீங்கள்தான் மேல எழுதினீங்கள்.

மாளிகாவத்தை_நானா:
ஹா ஹா, அது பொயிண்ட். அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். என்ட கேள்வி வேற, முஸ்லிம் மேசைய யாரு பாக்குறது? நாங்க ஊட்டுல கதைக்கிறது தமிழ், கனவு வாறதும் தமிழ்லதான், ஆனா தமிழ் மேசைல எங்களுக்கு எடம் இல்ல, அதுக்கு நாங்களும் கோவிக்கிறல்ல, இந்த நாட்டுல அது அப்பிடித்தான். இனி முஸ்லிம் மேசைல என்ன வெப்பாங்க, வட்டலாப்பமும் புரியாணியும். வட்டலாப்பம் மலாய் ஆக்கள்ட்ட இருந்து வந்தது, இப்ப எல்லாரும் எங்கட எங்கட என்டு சொல்றாங்க. எனக்குக் கேட்டா சஹன்லதான் விசயமே ஈக்கி. ஒரு பெரிய தட்டுல சோறு, சுத்தி ஆறு பேரு குந்துறது, அதுல பணக்காரனும் இருப்பான், அவன்ட டிரைவரும் இருப்பான். தன்ட பக்கத்துல இருந்து மட்டும்தான் எடுக்கோணும், அடுத்தவன்ட பக்கம் கை போகப்படாது. நடுவுல ஈக்கிற எறச்சிய ஒருத்தர் பிச்சு மத்தவங்கட பக்கம் தள்ளுவாரு, யாரு அந்த ஒருத்தர் என்டு முன்னுக்கு யாரும் பேசி வெக்கிறல்ல. சின்னதுல வாப்பா கைய மெல்லத் தட்டினதால தெரியும், அவ்வளவுதான். அத எப்பிடி மேசைல வெக்கிற, தட்ட வெக்கலாம்.

வெள்ளவத்தை_மழை:
எல்லாருக்கும் நன்றி, ஒஃபிஸ் நேரத்திலயே இருந்து வாசிச்சு முடிச்சிட்டன். நாலு வரிக்குப் பதிலா "தமிழ் மேசை எண்டு ஒரு மேசை காணாது" எண்டு மட்டும் எழுதலாம் போல கிடக்கு, எச்ஆர் என்ன சொல்லுமோ தெரியாது. வாங்கிற சம்பளத்துக்கு மேல வேலை செய்யிற மாதிரி இருக்கு, பரவாயில்ல. பெரட்டுக்களம் தம்பி, உங்கட மாமா கொழும்புக்கு வருவாரோ? காசு ஒஃபிஸ் குடுக்கும், கேட்டு வாங்குவன். ஒண்டுதான், எங்கட ஃப்ளோர் ஏழாம் மாடி, சருகு கொளுத்தினா ஃபயர் அலாரம் அடிச்சு முழு பில்டிங்கும் கீழ இறங்கும். ஹெயார் ட்ரையர் பிடிச்சுக் காய்ச்ச ஏலாதோ?

பெரட்டுக்களம்:
ஹெயார் ட்ரையரா! அக்கா இத மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். கார் பார்க்ல காய்ச்சிட்டு லிஃப்ட்ல தூக்கிட்டு வரலாம், கொஞ்ச நேரந்தான் நிக்கும், ஏசி குளிருக்கு சீக்கிரம் எறங்கிரும். இப்ப ஃபைபர் போட்டது வருது, காய்ச்சவே தேவையில்ல, எங்க சின்ன மாமா மகன் அதத்தான் அடிக்கிறான், அவனக் கேட்டா நாளைக்கே வருவான். ஆனா மாமா அதத் தொட மாட்டாரு, அது தப்பு மேளமே இல்லைங்கிறாரு. போன திருவிழாவுல ரெண்டு பேருக்கும் சண்ட, இன்னும் பேச்சில்ல. யாரக் கூப்புடுறதுன்னு நீங்களே சொல்லுங்க, ரெண்டு பேரையும் ஒன்னாக் கூப்புடாதீங்க.