புதுப்பிப்பு: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தோண்டிப் போட்ட ரோடு

குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தைச் சும்மா மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள், மழையில் அது உள்வாங்கி பால் வண்டி சாய்ந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் கேட்டதால் இப்போதைய நிலவரம்.

பஞ்சாயத்து மெம்பரக்கா நேரில் வந்து பார்த்தார். அப்புறம்தான் வேலை நடந்தது. இளகிய மண்ணை வாரி எடுத்து, குழாயைச் சுற்றி மணல் போட்டு, அதன்மேல் அரையடி அரையடியாக மண் நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கினார்கள். மொத்தமாகக் கொட்டினால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். அடியில் மழைத்தண்ணீர் இறங்கி ரோடே உட்கார்ந்துவிடும். முதலில் நடந்தது அதுதான்.

இப்போது ஜல்லி போட்டு ரோலர் ஓட்டியாச்சு. தார் இன்னும் இல்லை. குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்காமல் தார் போட்டால் மறுபடி வெட்ட வேண்டிவரும், அதனால் இந்தத் தாமதம் எனக்குச் சம்மதமே.

தண்ணீர் இன்னும் வரவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு. நம்ம கிழக்குப் பக்கம் மழை குறைவு. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) தண்ணீர் வந்தால்தான் நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வயலும் பிழைக்கும். கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழாயின் அருமை தெரியும்.

தார் போடும் முன் உங்கள் வீட்டு இணைப்பு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டதா என்று பாருங்கள். எதிர்சாரியில் நான்கு வீட்டுக்கு இன்னும் வரவில்லை. மெம்பரக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.